ஜனவரியில் ஜார்ஜியாவா, ஆர்மீனியாவா? நாத்தனாருக்கு நான் சொன்ன பதில்

“அண்ணி, நீங்க ரெண்டு ஊரும் பார்த்தாச்சு. எங்களால ஒரு தடவைதான் போக முடியும். எந்த ஊருக்குப் போகட்டும், சொல்லுங்க.”

குன்னூரிலிருந்து என் நாத்தனார் ஃபோனில் இப்படிக் கேட்டதும் ஒரே வார்த்தையில் பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. அவளோடு வரப்போவது யார் யார் என்று முதலில் கேட்டேன். அத்தை வருகிறார். அவளுக்கு அம்மா, எனக்கு மாமியார். எழுபது வயது, முட்டி வலி, சுத்த சைவம். கோவையில் கல்லூரியில் படிக்கும் மகள் வருகிறாள். பாட்டு என்றால் உயிர். அவள் வீட்டுக்காரரோடு வேலை பார்க்கும் ஒரு படகர் குடும்பமும் வருகிறது. இதெல்லாம் தெரியாமல் எந்த நாடு நல்லது என்று சொல்ல முடியாது. அன்று அரைமணி நேரம் பேசியதையும் அப்புறம் யோசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன், நம் நீலகிரி மலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில் மாதம். ஒயினுக்காகப் போகிறவர்கள் எல்லாரும் அக்டோபரைத்தான் சொல்வார்கள். ஜார்ஜியாவில் செப்டம்பர், அக்டோபரில்தான் திராட்சை அறுவடை. ‘ர்த்வெலி’ என்று அதற்குப் பெயர். ஊரே தோட்டத்தில் நிற்கும். ஆனால் அக்டோபரில் நம்மால் எங்கே நகர முடிகிறது? வடகிழக்குப் பருவமழை, காட் ரோட்டில் எந்த வளைவில் மண் சரியும் என்று தெரியாது, தோட்டத்தில் கொழுந்து வந்துகொண்டே இருக்கும். டிசம்பர் கடைசியில் உறைபனி விழுந்து செடி அடங்கினால்தான் கோத்தகிரியில் எங்களுக்கு மூச்சு விட நேரம். குளிர்காலம்தான் என்று ஆனபிறகு அக்டோபரை நினைத்து ஏங்க வேண்டாம். குளிர்காலத்துக்கு என்று தனியாகச் சில விஷயங்கள் இருக்கின்றன, அவை அக்டோபரில் கிடைக்காது.

இரண்டு ஊருக்கும் போகிற வழி ஒன்றுதான். கோவையிலிருந்து ஷார்ஜா, அங்கிருந்து ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசி அல்லது ஆர்மீனியாவின் தலைநகர் யெரெவான். இரண்டுக்கும் இணையத்திலேயே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். விடுதி முன்பதிவு, திரும்பும் டிக்கெட், மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் தாளில் அச்சடித்துக் கையில் வையுங்கள். ஃபோனில் இருக்கிறது என்று நம்பிப் போக வேண்டாம்.

இனி ஒயின். எனக்கு ஒயின் என்றால் சின்ன வயதில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கிறிஸ்துமஸுக்குப் போடுவதுதான். பீங்கான் ஜாடி, கருப்பு திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, கொஞ்சம் ஈஸ்ட், கிராம்பு. துணியால் வாயைக் கட்டி இருட்டறையில் வைத்து, நாள் எண்ணி வடிகட்டுவார். தித்திப்பாக இருக்கும். அந்த நாக்கோடுதான் ஜார்ஜியாவுக்குப் போனேன்.

அங்கே கிழக்கில் காகேத்தி என்ற பகுதி, ஒயினுக்குத் தாய்வீடு. தெலாவி ஊருக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் வீட்டில் தங்கினோம். வீட்டை ஒட்டி ‘மரானி’ என்ற ஒயின் அறை. உள்ளே போனால் ஜாடியும் இல்லை, பீப்பாயும் இல்லை. வெறும் மண் தரை. அந்தத் தரையில் ஆங்காங்கே வட்டமாக மூடிகள். ஒவ்வொரு மூடிக்குக் கீழேயும் ஆள் உயரத்துக்கு ஒரு மண் தாழி கழுத்து வரை புதைந்திருக்கிறது. இதுதான் க்வெவ்ரி. உட்புறம் தேன்மெழுகு பூசியிருப்பார்கள். அறுவடையில் பிழிந்த சாற்றோடு தோல், விதை, காம்பு எல்லாவற்றையும் சேர்த்து உள்ளே விட்டு, பொங்கி அடங்கியதும் மூடி, களிமண்ணால் அடைத்து, மேலே மண்ணைப் போட்டுவிடுகிறார்கள். சர்க்கரை போடுவதில்லை. ஈஸ்ட் போடுவதில்லை. தோலில் இருக்கும் ஈஸ்ட்டே போதும். ஐந்தாறு மாதம் கழித்து, வசந்தம் வந்தபிறகுதான் திறப்பார்கள். நம் முதுமக்கள் தாழிகளை அருங்காட்சியகத்தில் பார்த்திருப்பீர்கள் இல்லையா, கிட்டத்தட்ட அந்த வடிவம். இந்த முறையை யுனெஸ்கோ 2013இல் மானுடப் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது.

பெரியவர் ஒரு மூடியின் மேல் இருந்த ஈர மண்ணைக் கையால் ஒதுக்கி, களிமண் விளிம்பைத் தடவி விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்தார். மறுபடி மண்ணைத் தள்ளி, தூங்கும் குழந்தையைத் தட்டுவதுபோல் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். திறந்து காட்டச் சொன்னோம். தலையை ஆட்டிவிட்டார். வேறு ஒரு சின்னத் தாழியில் முந்தின வருஷத்து ஒயின் இருந்தது. நீளக் காம்பு வைத்த சுரைக்குடுவையால் அதிலிருந்து மொண்டு ஊற்றினார்.

வெள்ளைத் திராட்சைதான், ர்காட்சிதெலி என்ற வகை. ஆனால் கிண்ணத்தில் விழுந்தது நம் ஆர்த்தடாக்ஸ் டீ டிகாக்‌ஷன் நிறம். வாயில் வைத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தித்திப்பு இல்லை. நாக்கின் இரண்டு ஓரத்திலும் ஒரு துவர்ப்பு வந்து பிடித்தது. இந்தப் பிடிப்பு எனக்குத் தெரியும்; தேயிலை ஆலையில் வரிசையாகக் கோப்பை வைத்து ருசி பார்ப்பார்களே, அங்கே கிடைக்கும் அதே பிடிப்பு. தோலோடும் காம்போடும் மாதக்கணக்கில் ஊறுவதால் இறங்குகிற துவர்ப்பு. காலையும் மாலையும் தேயிலையோடு பழகுகிற நமக்கு இந்த ஒயின் சீக்கிரம் பிடிபடும் என்பது என் அபிப்பிராயம். சிவப்பு வேண்டும் என்றால் சாபெராவி இருக்கிறது. தித்திப்பு கேட்பவர்களுக்குக் கிண்ட்ஸ்மராவுலி.

ஆர்மீனியாவில் கதை வேறு மாதிரி. அங்கே ஜனவரியில் யெரெவானுக்குத் தெற்கே அராரத் சமவெளியில் காரில் போனபோது திராட்சைத் தோட்டம் என்று டிரைவர் காட்டிய இடத்தில் கொடியே இல்லை. வரிசை வரிசையாக மண் மேடும், தூண்களும், கம்பியும்தான். அப்புறம்தான் புரிந்தது, பனிக்குக் கொடி செத்துவிடாமல் இருக்க இலையுதிர்காலத்திலேயே கொடியைப் படுக்க வைத்து மண்ணைப் போட்டு மூடிவிடுகிறார்கள். வசந்தத்தில் தோண்டி எடுத்துக் கம்பியில் கட்டுகிறார்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியின் கிளைகளை வைத்து மூடுவார்களே, அதே கவலைதான், இன்னும் பெரிய அளவில். ஜார்ஜியாவில் குளிர்காலத்துக்கு மண்ணுக்குள் போவது ஒயின். இங்கே மண்ணுக்குள் போவது கொடி. குளிர்காலத்தில் போனதால்தான் இந்த இரண்டையும் பார்த்தேன்.

பழமை என்று பார்த்தால் இரண்டுமே பிரமிப்புதான். ஜார்ஜியாவின் கற்கால ஊர்களில் கிடைத்த பானை ஓடுகளில் திராட்சை ஒயினின் தடயம் இருந்ததை ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டார்கள். சுமார் 8,000 ஆண்டுப் பழமை. ஆர்மீனியாவில் அரேனி ஊர்க் குகையில் சுமார் 6,100 ஆண்டுக்கு முந்தைய ஒயின் கூடமே கிடைத்தது, மிதிக்கும் தொட்டியும் தாழிகளுமாக. அதே குகையில்தான் 5,500 ஆண்டுப் பழைய தோல் செருப்பும் கிடைத்தது. அரேனி என்பதே அவர்களுடைய சிவப்புத் திராட்சையின் பெயரும்கூட. சாலையோரத்தில் கோலா பாட்டில்களில் வீட்டு ஒயின் ஊற்றி அடுக்கி விற்கிறார்கள்.

ஆனால் குளிர்காலத்தில் ஆர்மீனிய ஒயினைக் குடிக்க நல்ல இடம் யெரெவானின் சர்யான் தெருக் கடைகள்தான். நேர்த்தியான கடை, நல்ல கண்ணாடி, விவரம் தெரிந்த பையன்கள். குறையே சொல்ல முடியாது. என்றாலும் நான் ஒரு வீட்டு மரானியில் மண் வாசனையோடு நின்றதற்கு அது ஈடு இல்லை.

அடுத்தது விருந்து. எனக்கு ஜார்ஜியா பக்கம் தராசு சாய்ந்ததே இங்கேதான். அவர்கள் விருந்துக்கு ‘சுப்ரா’ என்று பெயர். மேசைக்கு ஒரு தலைவர் உண்டு, ‘தமாதா’. அவர் எழுந்து ஏதாவது ஒன்றை முன்னிட்டு வாழ்த்துச் சொல்லாமல் யாரும் கிண்ணத்தை வாயில் வைக்கக் கூடாது. கடவுளுக்கு, அமைதிக்கு, விருந்தினருக்கு, பெற்றோருக்கு, குழந்தைகளுக்கு என்று போகும். நடுவில் இறந்தவர்களுக்கு ஒன்று. அப்போது எல்லாரும் எழுந்து நின்றார்கள். பெரியவர் ரொட்டித் துண்டின் மேல் சில சொட்டு ஒயின் விட்டார். ஆறு மாதத்துக்கு முன்தான் என் அப்பா தவறியிருந்தார். அவர் பெயர் என்ன என்று பெரியவர் பேத்தி மூலமாகக் கேட்டார். சொன்னேன். அந்தப் பெயரைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி இன்னொரு சொட்டு விட்டார். நம் வீட்டில் படையல் போடும்போது ஒரு அமைதி வருமே, அந்த அமைதி. மொழி தெரியாத வீட்டில் அது கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அப்புறம் பாட்டு. மூன்று ஆண்கள் மூன்று குரலில், வாத்தியம் எதுவும் இல்லாமல். ஒரே ராகத்தைச் சேர்ந்து பாடுவது இல்லை இது. ஒவ்வொருவரும் வேறு வேறு தடத்தில் போய், கடைசியில் ஒரே சுரத்தில் வந்து நிற்கிறார்கள். 1977இல் வாயேஜர் விண்கலத்தில் வைத்து அனுப்பிய தங்கத் தட்டில் ‘சக்ருலோ’ என்ற ஜார்ஜியப் பாட்டும் இருக்கிறது. நாத்தனார் மகளுக்கு இது ஒன்றுக்காகவே போகலாம்.

ஒயின் குடிக்காதவர்கள் என்ன செய்வது என்று அத்தை கட்டாயம் கேட்பார். பழச்சாறு ஊற்றிய கிண்ணத்தைத் தூக்கினால் போதும். வாழ்த்துச் சொல்வதுதான் முக்கியம், யாரும் வற்புறுத்தவில்லை.

சாப்பாட்டிலும் அத்தைக்கு ஜார்ஜியாதான் சௌகரியம். அங்கே ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அதற்கு முன் நவம்பர் 28 முதல் ஜனவரி 6 வரை விரதம்; இறைச்சி, பால், முட்டை எதுவும் கூடாது. அதனால் உணவகங்களில் விரதச் சாப்பாடு தனியாகவே கிடைக்கும். அந்த நாட்களில் போனால் சைவம் தேடி அலைய வேண்டாம். விரதம் முடிந்தபிறகும் மண்சட்டியில் வரும் ‘லோபியோ’ என்ற பீன்ஸ் குழம்பு, அக்ரூட் விழுது வைத்து உருட்டிய கத்திரிக்காய், கீரையும் அக்ரூட்டும் அரைத்த ‘ப்காலி’, சீஸ் ரொட்டியான ‘கச்சாபுரி’ என்று நிறையவே இருக்கிறது. கொத்தமல்லித் தழையும் பூண்டும் மிளகாயும் தாராளம் என்பதால் நாக்குக்கு அந்நியமாக இருக்காது. நூலில் கோத்த அக்ரூட்டைத் திராட்சைக் கூழில் முக்கிக் காயவைத்த ‘சுர்ச்கேலா’ பையில் இருந்தால் நாள் முழுக்கப் பசி தாங்கும். ஆர்மீனியாவில் லவாஷ் ரொட்டியும் மூலிகைக் கீரைகளும் பிரமாதம், ஆனால் மேசையில் கறிதான் ராஜா. அத்தையை வைத்துக்கொண்டு அங்கே தினமும் விசாரித்து விசாரித்துச் சாப்பிட வேண்டியிருக்கும்.

இவ்வளவும் கேட்டால் ஆர்மீனியா எதற்கு என்று தோன்றும். அப்படி விட்டுவிட முடியாது. அங்கே கல் பேசுகிறது. கெகார்ட் மடாலயத்தில் மலையை உட்புறமாகக் குடைந்து கோயில் செய்திருக்கிறார்கள். மாமல்லபுரத்துக் குடைவரை பார்த்த கண்ணுக்கு உடனே ஒரு உறவு தெரியும். உள்ளே மேலே ஒரு துளை, அதன் வழியாக வரும் வெளிச்சம் மட்டும்தான். நாங்கள் போன அன்று வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அந்தத் துளையின் வழியாகப் பனித்துகள் மெல்ல இறங்கித் தரையைத் தொடுவதற்குள் கரைந்துபோனது. கோடையில் போகிறவர்களுக்கு இது கிடையாது. மேகம் விலகிய காலையில் கோர் விராப் மடாலயத்திலிருந்து அராரத் மலை, 5,137 மீட்டர், முழுசாகத் தெரியும். மலை இருப்பது துருக்கி எல்லைக்குள். ஆனால் ஆர்மீனியர்கள் அதைப் பார்க்கும் பார்வையை ஒருமுறை பார்த்தால் மறக்காது.

அப்புறம் நம் சென்னைத் தொடர்பு. பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு என்கிறோமே, அது ஆர்மீனியன் தெரு. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726இல் மர்மலாங் பாலத்தைத் தன் செலவில் கட்டியவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். உலகத்தின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794இல் அச்சானதே சென்னையில்தான்; நடத்தியவர் ஹருத்யுன் ஷ்மாவோன்யான் என்ற பாதிரியார். யெரெவானில் பழைய சுவடிகளைக் காக்கும் மாதெனதாரனில், வழிகாட்டும் பெண்ணிடம் மெட்ராஸ் பக்கத்திலிருந்து வருகிறோம் என்று சொன்னதும் அவள் முகம் மலர்ந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. சரித்திரமும் கல்லும்தான் எனக்கு வேண்டும் என்பவர்கள், முட்டி நன்றாக இருப்பவர்கள், யோசிக்காமல் ஆர்மீனியா போகலாம். என் வீட்டுக்காரரைக் கேட்டால் அவர் ஓட்டு அதற்குத்தான். ஒன்று மட்டும்: ஜனவரி முதல் வாரத்தில் வேண்டாம். புத்தாண்டிலிருந்து அவர்கள் கிறிஸ்துமஸான 6ஆம் தேதி வரை ஊரே வீட்டுக்குள் விருந்தில் இருக்கும்; பல இடங்கள் பூட்டியிருக்கும்.

குளிர் விஷயத்தில் மலைக்காரர்கள் நாம் கொஞ்சம் ஏமாந்துவிடுவோம். தலைகுந்தாவில் பூஜ்யத்துக்குக் கீழே பார்த்திருக்கிறோம், இது என்ன பெரிசு என்று தோன்றும். நம் உறைபனி வெயில் ஏறினால் போய்விடும். அங்கே போகாது. யெரெவானில் பகலிலும் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். திபிலிசி தாழ்வான ஊர், சராசரி இரண்டு மூன்று டிகிரிக்குக் குறையாது. அத்தைக்கு அதுதான் தாங்கும். அதோடு திபிலிசியின் அபனோதுபானி பகுதியில் நிலத்தடியிலிருந்து வரும் வெந்நீர்க் கந்தகக் குளியல் இருக்கிறது. தனி அறை எடுத்துக்கொள்ளலாம். நான் குளித்துவிட்டு வெளியே வந்தபோது முட்டியும் முதுகும் பத்து வருஷம் குறைந்த மாதிரி இருந்தது. ஸ்வெட்டரை விட ஷூவுக்குப் பணம் செலவழியுங்கள்: அடியில் ஆழமான பள்ளம் வெட்டிய, தண்ணீர் இறங்காத ஷூ. திபிலிசிக்குப் பக்கத்தில் மித்ஸ்கெத்தா என்ற பழைய ஊரில், பதினோராம் நூற்றாண்டு ஸ்வேத்தித்ஸ்கோவேலி பேராலய முற்றத்தில், கண்ணாடி மாதிரி உறைந்த கல்லில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். காலை எட்டரைக்குத்தான் விடிகிறது, மாலை ஆறுக்குள் இருட்டு. ஒரு நாளைக்கு இரண்டு இடம் என்று வைத்தால் சரியாக இருக்கும்.

மலைப் பக்கம் போகும் ஆசை எல்லாருக்கும் வரும். பனிமலையின் முன்னால் தனியாக நிற்கும் கெர்கெத்தி கோயில் படத்தைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். அது 2,170 மீட்டர். ஊட்டியை விடக் கொஞ்சம் தாழ்வு. வழியில் வரும் ஜ்வாரி கணவாய் 2,400 மீட்டரை ஒட்டியது, தொட்டபெட்டாவை விடக் குறைவு. ஆனால் இந்த எண்களை நம்பி ஏமாறக் கூடாது. அங்கே ஜனவரியில் பனிச்சரிவு வந்தால் சாலையை அடைத்துவிடுவார்கள். பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் நாம் என்ன செய்கிறோம்? வீட்டில் இருக்கிறோம். அதே புத்தி அங்கேயும் வேண்டும். ஒரு நாளை உதிரியாக வைத்துக்கொண்டு, பாதை திறந்திருந்தால் போகலாம். ஸ்வானெத்தி என்ற மலைப்பகுதியின் பழைய கல் கோபுரங்களை அடுத்த ஜன்மத்துக்கு என்றே நினைத்துக்கொள்ளச் சொன்னேன். குளிர்காலத்தில் அங்கே போகும் குட்டி விமானம் பறப்பது வானிலையின் கையில்.

தேயிலைக்காரர்களுக்கு இன்னொரு ஆசையும் வரும். ஜார்ஜியாவின் மேற்கே, கருங்கடலை ஒட்டிய சக்வாவில், 1893இல் சீனாவிலிருந்து வந்த ஒரு நிபுணர் தேயிலைத் தொழிலை நிலைநிறுத்தினார். சோவியத் காலத்தில் அந்த நாட்டு உள்ளூர்த் தேயிலையில் பெரும்பகுதி ஜார்ஜியாவில் விளைந்ததுதான். அதே சோவியத்துதான் நம் நீலகிரி டீயையும் வாங்கிக் குவித்தது. 1991இல் அது உடைந்ததும் நம் பச்சைத் தேயிலை விலை என்ன பாடுபட்டது என்று வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். அங்கே தோட்டங்களையே கைவிட்டார்கள். செடி மரமாகி, மேலே முள்கொடி படர்ந்துவிட்டது. எனக்கு அதை நேரில் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஆனாலும் இந்தப் பயணத்தில் வேண்டாம் என்றேன். அந்தக் கரையில் ஜனவரி முழுக்க மழை, திபிலிசியிலிருந்து ரயிலிலேயே ஐந்து மணி நேரம். அதற்கு மே மாதம் தனியாகப் போக வேண்டும்.

இரண்டு நாட்டையும் ஒன்பது நாளில் சேர்த்துப் பார்த்துவிடலாமே என்று நாத்தனார் கேட்டாள். விற்கிறவர்களும் அப்படித்தான் விற்கிறார்கள். எல்லை தாண்டி யெரெவான் போக ஒரு பகல், திரும்ப ஒரு பகல், ஜனவரியில் பகலே குட்டி. முதல் தடவை நாங்கள் ஒரு குழுப் பயணத்தில் போனபோது ஒரே நாளில் ஐந்து ஒயின் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். ஐந்தாவது இடத்தில் என்ன குடித்தேன் என்று எனக்கு நினைவில்லை; யார் முகமும் நினைவில்லை. பெரியவர் வீட்டில் தங்கியதெல்லாம் குழுவை விட்டுப் பிரிந்து நாங்களாக ஏற்பாடு செய்த கடைசி மூன்று நாளில்தான்.

அதனால் அவளுக்கு நான் சொன்னது ஜார்ஜியா. தேதி பேசும்போதுதான் கஷ்டமாக இருந்தது. ஜனவரி 7 அன்று திபிலிசியில் வெள்ளை அங்கி போட்ட குழந்தைகளோடு ‘அலிலோ’ ஊர்வலம் போகும், அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் கூட வரும் படகர் குடும்பம் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊரில் இல்லாமல் இருக்காது, நமக்கும் பொங்கல் இருக்கிறது. சரி, 17ஆம் தேதி கிளம்பட்டும். திபிலிசியில் மூன்று இரவு, அதில் ஒரு நாள் மித்ஸ்கெத்தா. அப்புறம் தெலாவியில் நான்கு இரவு, இடம் மாறாமல். அலவெர்தி மடாலயமும் சிக்னாகி ஊரும் அங்கிருந்தே போய் வரலாம். திரும்ப திபிலிசி, கையில் ஒரு உதிரி நாள். திபிலிசிக்கும் தெலாவிக்கும் நடுவில் வரும் கொம்போரி கணவாயில் பனி இருந்தால் நேரமானாலும் குர்ஜானி வழியாகச் சுற்றிப் போகச் சொல்லி டிரைவரிடம் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

பெரியவர் வீட்டு விலாசத்தை அனுப்பிவிட்டேன். அரைக் கிலோ கோத்தகிரி ஆர்த்தடாக்ஸ் டீயும் கொடுத்தனுப்புகிறேன், அவர் ஒயினும் இதுவும் ஒரே நிறம் என்று நான் சொன்னதை அவர் அன்று நம்பவில்லை. பெட்டியில் அதற்கு இடம் விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.